உங்கள் ஆங்கில ஆக்சென்ட்டை ஏஐ மாற்றினால் போதுமா? சத்தத்துக்கு நடுவே பேச்சு ஏன் புரிவதில்லை?

'சாரி, ஒன்ஸ் மோர் ப்ளீஸ்?' வெளிநாட்டு கிளையன்ட்டோடு வேலை பார்க்கிற யாருக்கும் இது புதிதில்லை. சில நேரம் அவர் கேட்பார், சில நேரம் நீங்கள் கேட்பீர்கள். ஒரு முறை கேட்டால் பரவாயில்லை. மூன்றாவது முறையும் அதையே கேட்டால் பேசுகிறவரின் குரல் இறங்கிவிடும். 'நம்ம இங்கிலீஷ்தான் சரியில்லையோ' என்ற சந்தேகம் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

இந்தச் சந்தேகத்துக்குத் தீர்வு என்று இப்போது மென்பொருளே வந்துவிட்டது. நீங்கள் பேசுவது உங்கள் ஆக்சென்ட்டில். எதிர்முனையில் கேட்பது வேறு ஆக்சென்ட்டில். கேட்க வசதியாகத்தான் இருக்கிறது. ஆனால் பேச்சு புரியாமல் போவதற்குக் காரணம் உண்மையிலேயே பேசுகிறவரின் நாக்கு மட்டும்தானா? அறிவியல் சொல்வதைப் பார்த்தால், பொறுப்பு குறைந்தது மூன்று பேருக்கு இருக்கிறது: பேசுகிறவர், கேட்பவர், இருவருக்கும் நடுவில் இருக்கும் சத்தமும் இணைப்பும்.

என்ன நடந்தது?

பிரான்ஸைத் தலைமையிடமாகக் கொண்ட டெலிபெர்ஃபார்மன்ஸ், உலகின் மிகப் பெரிய கால் சென்டர் நிறுவனங்களில் ஒன்று. இந்தியாவில் மட்டும் அதற்குச் சுமார் 90,000 ஊழியர்கள். தனது இந்திய ஊழியர்களின் ஆக்சென்ட்டை, பேசிக்கொண்டிருக்கும்போதே மென்மையாக்கும் ஏஐ மென்பொருளைப் பயன்படுத்துவதாக 2025 தொடக்கத்தில் அது தெரிவித்தது. மென்பொருளை உருவாக்கியது கலிஃபோர்னியாவின் சனாஸ் நிறுவனம். அதில் டெலிபெர்ஃபார்மன்ஸ் 1.3 கோடி டாலர் முதலீடும் செய்தது. பின்னணியில் கேட்கும் மற்ற ஊழியர்களின் பேச்சு, மின்விசிறிச் சத்தம் போன்றவற்றை நீக்குவதும் இந்தத் தொழில்நுட்பத்தின் ஒரு பகுதி.

அதே ஆண்டு ஜூலையில் அமெரிக்க செனட்டில் வேறொரு திசையிலிருந்து ஒரு மசோதா வந்தது. ரூபன் கலேகோ, ஜிம் ஜஸ்டிஸ் என்ற இரு கட்சி செனட்டர்கள் அதை முன்வைத்தார்கள். கால் சென்டர் ஊழியர் எந்த இடத்திலிருந்து பேசுகிறார், உரையாடலில் ஏஐ பயன்படுகிறதா என்பதை வாடிக்கையாளருக்குச் சொல்ல வேண்டும். அவர் கேட்டால் அமெரிக்காவில் இருக்கும் ஊழியருக்கு அழைப்பை மாற்ற வேண்டும் என்கிறது அந்த மசோதா.

ஒரு பக்கம், எந்த ஊர்க்காரர் பேசுகிறார் என்பதை மங்கலாக்கும் தொழில்நுட்பம். இன்னொரு பக்கம், அதை வெளிப்படையாகச் சொல்லச் சொல்லும் சட்ட முயற்சி. நடுவில் இருப்பது இந்தியாவில் ஹெட்செட் மாட்டிக்கொண்டிருக்கும் ஊழியர். கால் சென்டரில் இல்லாத ஐடி ஊழியர், மருத்துவ பில்லிங் பார்ப்பவர், வெளிநாட்டுக் கூட்டாளியோடு பேசும் ஸ்டார்ட்அப்காரர் என்று எல்லோருக்கும் இதில் ஒரு பங்கு உண்டு.

சத்தத்தில் பேச்சுக்கு என்ன ஆகிறது?

தமிழ் இலக்கணத்தில் படித்த உயிரும் மெய்யும் இங்கே கைகொடுக்கும். 'ஆ', 'ஓ' போன்ற உயிர் ஒலிகளுக்கு வலு அதிகம். குறைந்த அதிர்வெண்ணில் தடிமனாக ஒலிக்கும். 'ஸ்', 'ஃப்', 'த்' போன்ற மெய் ஒலிகள் சன்னமானவை. அவற்றில் பல உயர் அதிர்வெண்ணில் இருப்பவை. சத்தம் வந்ததும் முதலில் காணாமல் போவது இவைதான். உயிர் கேட்கும், மெய் போய்விடும். ஆனால் ஒரு வார்த்தையை இன்னொரு வார்த்தையிலிருந்து பிரித்துக் காட்டுவது பெரும்பாலும் அந்த மெய்தான்.

இதோடு தொலைபேசியின் குறையும் சேரும். பழைய தொலைபேசி இணைப்பு கடத்துவது சுமார் 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரைதான். 'ஸ்' ஒலியின் பெரும்பகுதி அதற்கு மேலே இருக்கிறது. போனில் பெயரை ஸ்பெல் பண்ணும்போது 'எஃப் ஃபார் ஃபாதர்' என்று நாம் எல்லோரும் சொல்வது இதனால்தான். புதிய எச்டி வாய்ஸ் இணைப்புகள் சுமார் 7,000 ஹெர்ட்ஸ் வரை கடத்தும் என்பதால் அதில் பேச்சு தெளிவாகக் கேட்கிறது.

எல்லாச் சத்தமும் ஒன்று போல இல்லை. ஏசியின் உறுமல் பேச்சை மூடி மறைக்கும், அவ்வளவுதான். பக்கத்தில் ஒருத்தர் பேசினால் கதை வேறு. அவர் பேச்சும் மூளைக்குள் நுழைந்து கவனத்தைப் பிடித்து இழுக்கும். பல குரல்களுக்கு நடுவே ஒரே குரலை எப்படிப் பின்தொடர்கிறோம் என்பதை 1953-ல் காலின் செரி ஆராய்ந்தார். 'காக்டெயில் பார்ட்டி பிரச்னை' என்ற பெயர் அதற்கு நிலைத்துவிட்டது. ஆங்கிலம் கேட்கிறவர்களைச் சீன மொழிப் பேச்சை விட ஆங்கிலப் பேச்சே பின்னணியில் அதிகம் தொந்தரவு செய்கிறது என்று 2007-ல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. பக்கத்து கேபினில் தமிழில் நடக்கும் வம்புப் பேச்சு உங்களுக்குத் தொந்தரவாக இருப்பதன் காரணமும் இதுதான்.

அப்படியும் நாம் எப்படியோ புரிந்துகொள்கிறோமே, எப்படி? மூளை ஊகித்து நிரப்புகிறது. 1970-ல் ரிச்சர்ட் வாரன் ஒரு வாக்கியத்தின் நடுவே ஒரே ஒரு ஒலியை வெட்டி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் இருமல் சத்தத்தை வைத்தார். கேட்டவர்களுக்கு அந்த ஒலி காணாமல் போனதே தெரியவில்லை. முழு வார்த்தையும் கேட்டதாகவே சொன்னார்கள்.

ஆக்சென்ட்டும் சேர்ந்தால் ஏன் கூடுதல் சிரமம்?

பழகாத ஆக்சென்ட்டைக் கேட்கும்போதும் மூளை செய்வது அதே ஊகம்தான். 'இவர் சொன்ன இந்த ஒலி, எனக்குத் தெரிந்த எந்த ஒலிக்குச் சமம்?' என்று தேடிப் பொருத்துகிறது. அமைதியான அறையில் இந்த வேலை ஓடிவிடும். சத்தத்திலும் ஓடிவிடும், பேசுகிறவரின் ஆக்சென்ட் பழகியதாக இருந்தால். இரண்டும் ஒரே நேரத்தில் வரும்போதுதான் திணறல். நிரப்ப வேண்டிய ஓட்டைகளும் அதிகம், நிரப்பக் கிடைக்கும் துப்பும் குறைவு.

நம் ஆங்கிலத்திலிருந்தே ஓர் உதாரணம். குண்டூசியும் 'பின்', குப்பைத்தொட்டியும் 'பின்'. தமிழில் எழுதினால் வித்தியாசமே இல்லை. அமெரிக்கர் குண்டூசி என்ற பொருளில் சொல்லும்போது முதல் எழுத்தோடு ஒரு சின்ன மூச்சுக்காற்று வெளியே வரும். அந்தக் காற்றை வைத்துத்தான் அவர் காது இரண்டையும் பிரிக்கிறது. நாம் அந்தக் காற்றை விடுவதில்லை. அமைதியான இடத்தில் மற்ற துப்புகளை வைத்து அவர் சமாளித்துவிடுவார். சத்தத்தில் அந்தத் துப்புகளும் மறைந்தால், குண்டூசி குப்பைத்தொட்டி ஆகிவிடும்.

இன்னொன்று, அழுத்தம். 'ஹோட்டல்' என்று நாம் முதல் அசையில் அழுத்துவோம். ஆங்கிலேயர் இரண்டாவது அசையில் அழுத்துவார். சத்தத்துக்கு நடுவே மிச்சமாகக் கேட்பது அழுத்தமான அசைகள்தான். அவற்றைப் பிடித்துக்கொண்டுதான் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர் வார்த்தைகளைப் பிரிக்கிறார். அழுத்தம் இடம் மாறினால், ஒரு ஒலி மாறுவதை விட அதிகமாக அவர் தடுமாறலாம்.

இதே சிரமம் எதிர்த்திசையிலும் உண்டு. கிளாஸ்கோ மேனேஜர் பேசுவது உங்களுக்குப் புரியவில்லை என்றால் வெட்கப்பட ஒன்றுமில்லை. இரண்டாம் மொழியில் கேட்பவர்களைச் சத்தம் கூடுதலாகப் பாதிக்கிறது. ஸ்பானிஷைத் தாய்மொழியாகக் கொண்டு ஆங்கிலம் கற்றவர்களை வைத்து 1997-ல் வெளியான ஓர் ஆய்வில், ஆங்கிலத்தைத் தாமதமாகக் கற்றவர்களுக்குச் சத்தத்தைத் தாங்கும் திறன் குறைவாக இருந்தது. தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு வந்தவர் அமைதியான மீட்டிங்கில் எல்லாம் புரிந்துகொண்டு, ஸ்பீக்கர் போனில் திணறுவது அறிவுக் குறைவால் இல்லை.

ஆக்சென்ட் வேறு, புரிதல் வேறு

இந்த விவாதத்தில் அடிக்கடி குழப்பப்படுவது இது. கனடா ஆய்வாளர்கள் முர்ரே மன்ரோவும் டிரேசி டெர்விங்கும் 1995-ல் மூன்று விஷயங்களைத் தனித்தனியாக அளந்தார்கள். பேசியது எவ்வளவு அந்நியமாக ஒலிக்கிறது என்பது ஒன்று. அதைப் புரிந்துகொள்ள எவ்வளவு சிரமமாகத் தோன்றுகிறது என்பது இரண்டு. உண்மையில் எத்தனை வார்த்தைகள் சரியாகப் புரிந்தன என்பது மூன்று. மூன்றும் ஒன்றாக நகரவில்லை. 'ஆக்சென்ட் ரொம்ப அதிகம்' என்று மதிப்பெண் போட்டவர்களே, அந்தப் பேச்சை ஒரு வார்த்தை விடாமல் சரியாக எழுதியும் காட்டினார்கள்.

உங்கள் அப்ரைசலில் 'கம்யூனிகேஷன் ஸ்கில்ஸ்' என்ற கட்டம் இருக்கிறதல்லவா? அதில் அளக்கப்படுவது இந்த மூன்றில் எது என்று கேட்டுப் பாருங்கள். அந்நியமாக ஒலிப்பதைக் குறையாக எழுதிவிட்டு, 'புரியவில்லை' என்று பெயர் வைப்பது சுலபம். சம்பளமும் பதவி உயர்வும் அந்தக் கட்டத்தைப் பொறுத்தே போகிறது.

கேட்பவரின் காதுக்கும் பொறுப்பு உண்டா?

உண்டு. அதிலும் நல்ல செய்தி இருக்கிறது. பழகாத ஆக்சென்ட்டைக் கேட்க ஆரம்பித்த ஒரு நிமிடத்துக்குள்ளேயே காது பழகத் தொடங்கிவிடுகிறது என்று 2004-ல் கிளார்க், காரெட் ஆகியோரின் ஆய்வு காட்டியது. 2008-ல் பிராட்லோவும் பென்ட்டும் இன்னொரு படி போனார்கள். சீன ஆக்சென்ட்டில் ஆங்கிலம் பேசும் பலரின் குரலைச் சத்தத்தோடு கேட்டுப் பழகியவர்களுக்கு, அதுவரை கேட்டிராத இன்னொரு சீனரின் ஆங்கிலமும் நன்றாகப் புரிந்தது. ஒருவரை மட்டும் கேட்டால் அந்த ஒருவருக்குத்தான் காது பழகும். பலரைக் கேட்டால் அந்த ஆக்சென்ட்டுக்கே பழகிவிடும்.

காதுக்கு முன்னால் மனசு முடிவெடுக்கும் நேரங்களும் உண்டு. 1992-ல் டொனால்ட் ரூபின் அமெரிக்க மாணவர்களிடம் ஒரே குரலில் பதிவான விரிவுரையைப் போட்டுக் காட்டினார். பேசியவர் அமெரிக்கர்தான். ஆனால் சிலருக்கு வெள்ளையர் படத்தையும், சிலருக்கு ஆசியர் படத்தையும் காட்டினார். ஆசியர் படத்தைப் பார்த்தவர்களுக்கு இல்லாத ஆக்சென்ட் கேட்டது, புரிதலும் குறைந்தது.

இதற்கு மறுபக்கமும் இருக்கிறது. 2015-ல் கெவின் மெக்கோவன் நடத்திய சோதனையில், சீன ஆக்சென்ட்டில் பேசிய ஆங்கிலத்தைச் சத்தத்துக்கு நடுவே கேட்டவர்கள், சீன முகத்தைப் பார்த்தபோது அதிகம் சரியாக எழுதினார்கள். எந்த ஆக்சென்ட் வரப்போகிறது என்று தெரிந்தால் காது தயாராகிவிடுகிறது. ஆக, எதிர்பார்ப்பு கெடுக்கவும் செய்யும், உதவவும் செய்யும்.

உயிர் போகும் இடத்தில் என்ன செய்தார்கள்?

புரிதல் பிரச்னையை மிகவும் சீரியஸாக எடுத்துக்கொண்ட துறை விமானப் போக்குவரத்து. அதில் இந்தியாவுக்கு ஒரு கசப்பான பங்கு உண்டு. 1996 நவம்பர் 12 அன்று ஹரியானாவின் சர்க்கி தாத்ரி மேலே சவுதி விமானமும் கஜகஸ்தான் விமானமும் நடுவானில் மோதின. 349 பேர் இறந்தார்கள். கஜகஸ்தான் விமானம் 15,000 அடியில் நிற்க வேண்டியது. அதற்கும் கீழே இறங்கிவிட்டது. தரைக் கட்டுப்பாட்டோடு ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருந்தது அதன் ரேடியோ ஆபரேட்டர். அந்த விமானக் குழுவின் ஆங்கில அறிவு போதாமல் இருந்ததும் ஒரு காரணமாக விசாரணையில் குறிப்பிடப்பட்டது.

இது ஆக்சென்ட்டால் மட்டும் நடந்த விபத்தல்ல. ஆனால் கரகரக்கும் ரேடியோ, இரண்டாம் மொழி, நேரம் இல்லாத சூழல் மூன்றும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை அது உலகத்துக்குக் காட்டியது. 1998-ல் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு மொழித் தகுதி விதிகளை உருவாக்கும் வேலையைத் தொடங்கியது. 2008 மார்ச்சில் அவை நடைமுறைக்கு வந்தன.

அந்த விதிகளை வாசித்தால் ஆச்சரியமாக இருக்கும். ஆறு நிலைகள் கொண்ட அளவுகோல் அது. சர்வதேச விமானங்களுக்கு நான்காம் நிலை கட்டாயம். தாய்மொழியின் சாயல் உச்சரிப்பில் இருக்கலாம், அது புரிதலுக்குச் சில நேரம் மட்டுமே தடையாகலாம் என்கிறது நான்காம் நிலை. உச்சமான ஆறாம் நிலையில்கூட சாயல் இருக்கலாம். தடையாக மட்டும் இருக்கக் கூடாது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட விமானிகளும் சர்வதேசக் காதுகளுக்குப் புரியும்படி பேச வேண்டும் என்பதும் எதிர்பார்ப்பு.

அதற்கு மேல் அவர்கள் நம்பியது நடைமுறையை. கட்டுப்பாட்டு அறை சொன்னதை விமானி திருப்பிச் சொல்ல வேண்டும். எழுத்துகளுக்கு 'ஆல்ஃபா, பிராவோ, சார்லி'. சத்தத்தில் 'நைன்' என்பது 'ஃபைவ்' என்று கேட்டுவிடக் கூடாது என்பதற்காக 'நைனர்' என்கிறார்கள். யார் நாக்கையும் மாற்றச் சொல்லாமல், பேசும் முறையை மாற்றினார்கள்.

ஏஐ எதைத் தீர்க்கும், எதைத் தீர்க்காது?

பின்னணிச் சத்தத்தை நீக்குவது நிஜமான உதவி. ஆக்சென்ட் மாற்றமும் சிலருக்குக் கதவு திறக்கலாம். கான்வென்ட் ஆங்கிலம் இல்லாத சிறு நகரத்துப் பட்டதாரிக்கு வேலை கிடைக்கலாம். ஆக்சென்ட்டைக் கேட்டதும் திட்டத் தொடங்கும் வாடிக்கையாளர்களிடமிருந்து ஊழியர் கொஞ்சம் தப்பிக்கலாம். இதற்கு முன்பு மாதக்கணக்கில் 'ஆக்சென்ட் நியூட்ரலைசேஷன்' வகுப்பும், அமெரிக்கப் புனைபெயரும் கொடுத்து இதையே மனிதர்களைச் செய்ய வைத்தார்கள் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

ஆனால் சிக்கல்கள் இருக்கின்றன. முதலாவது, பேச்சை மாற்ற மென்பொருள் முதலில் அதைச் சரியாகப் பிடிக்க வேண்டும். சத்தத்தில் தவறாகப் பிடித்தால், தெளிவான குரலில் தவறான வார்த்தை போய்ச் சேரும். கரகரப்பாகக் கேட்டால் எதிர்முனையில் இருப்பவர் 'என்ன?' என்று கேட்பார். தெளிவாகக் கேட்டால் நம்பிவிடுவார். இயந்திரக் காதுகளுக்கும் பாரபட்சம் உண்டு என்பது தெரிந்ததுதான். ஐந்து பெரிய நிறுவனங்களின் பேச்சறி மென்பொருட்களை 2020-ல் சோதித்தபோது, வெள்ளை அமெரிக்கர் பேச்சில் 19 சதவீத வார்த்தைகளைத் தவறாகப் பிடித்தவை, கறுப்பின அமெரிக்கர் பேச்சில் 35 சதவீதத்தைத் தவறாகப் பிடித்தன.

இரண்டாவது, தாமதம். ஒருவர் பேசி மற்றவர் காதில் விழ 150 மில்லி நொடிக்குள் இருப்பது நல்லது என்கிறது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. நடுவில் நுழையும் ஒவ்வொரு மென்பொருளும் இதில் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும்.

மூன்றாவது, உங்கள் குரல் யாருடையது? இந்தியாவின் 2023 தனிநபர் டிஜிட்டல் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 7-வது பிரிவு, வேலை தொடர்பான நோக்கங்களுக்கு ஊழியரின் சம்மதம் இல்லாமலேயே தரவைக் கையாள இடம் தருகிறது. குரல் மாற்றத்தை வேண்டாம் என்று சொல்லும் உரிமை உங்களுக்கு இருக்கிறதா என்பது சட்டத்தை விட உங்கள் வேலை ஒப்பந்தத்தைத்தான் அதிகம் பொறுத்திருக்கும்.

நான்காவது, காது பழகும் வாய்ப்பே போய்விடும். பல குரல்களைக் கேட்டால்தான் காது ஓர் ஆக்சென்ட்டுக்குப் பழகும் என்று பார்த்தோம். எல்லா இந்தியக் குரலையும் வடிகட்டிவிட்டால், அந்த வாடிக்கையாளரின் காது எப்போதுமே பழகாது. நாளைக்கு வடிகட்டி இல்லாத மீட்டிங்கில் நீங்கள் பேசும்போது அவருக்குக் கூடுதலாகவே அந்நியமாகக் கேட்கும்.

நாளைக்கே நீங்கள் என்ன செய்யலாம்?

* மைக்கை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுவாருங்கள். தூரத்தைப் பாதியாகக் குறைத்தால் உங்கள் குரல் சுமார் 6 டெசிபல் உயரும். அறையின் சத்தம் அப்படியே இருக்கும். எந்த ஆக்சென்ட் வகுப்பும் இவ்வளவு சீக்கிரம் பலன் தராது.

* நாய்ஸ் கேன்சலிங் ஹெட்போன் உங்கள் காதைத்தான் காப்பாற்றும். எதிர்முனைக்குச் சத்தம் போகாமல் இருக்க மைக் பக்கம் வடிகட்டி வேண்டும். ப்ளூடூத் இயர்பட்ஸ் பலவற்றில் மைக் ஆன் ஆனதும் ஒலித்தரம் இறங்கிவிடும்; முக்கியமான காலுக்கு வயர் ஹெட்செட் நல்லது.

* கத்தாதீர்கள். கத்தினால் உயிர் ஒலிதான் பெரிதாகும். மெய் ஒலி அந்த அளவுக்கு ஏறாது. வேகத்தைக் குறைத்து, முக்கியமான வார்த்தைக்கு முன் சின்ன இடைவெளி விடுங்கள்.

* மறுபடி சொல்லச் சொன்னால், அதே வாக்கியத்தை அப்படியே சொல்லாமல் வேறு வார்த்தைகளில் சொல்லுங்கள். ஊகிக்கப் புதுத் துப்பு கிடைக்கும்.

* 'கேன்ட்' என்பதன் கடைசி ஒலி சத்தத்தில் போய்விட்டால் அர்த்தமே தலைகீழாகும். 'கேனாட்' என்று முழுசாகச் சொல்லுங்கள். 'ஃபிஃப்டீன்', 'ஃபிஃப்டி' குழப்பத்துக்கு 'ஒன் ஃபைவ்', 'ஃபைவ் ஜீரோ'.

* பெயர், தேதி, தொகை வந்தால் திருப்பிச் சொல்லுங்கள், அல்லது சாட்டில் டைப் செய்யுங்கள். விமானிகளே செய்கிறார்கள், நாம் செய்வதில் கௌரவக் குறைச்சல் இல்லை.

* புதிய நாட்டுக் கிளையன்ட் வந்தால், முதல் காலுக்கு முன் அந்த நாட்டுக்காரர்கள் பலர் பேசும் வீடியோக்களை ஓடவிடுங்கள். காது தயாராகும். டீமுக்கும் இதைச் சொல்லுங்கள்.

இனி எதைக் கவனிக்க வேண்டும்?

ஆக்சென்ட் மாற்றும் மென்பொருள் நின்றுவிடப் போவதில்லை. மலிவாகும், மீட்டிங் செயலிகளுக்குள்ளேயே ஒரு பொத்தானாகவும் வரலாம். அப்போது கேட்க வேண்டிய கேள்விகள் சில. அந்தப் பொத்தான் யார் கையில் இருக்கும், பேசுகிறவர் கையிலா, கேட்பவர் கையிலா, நிறுவனத்தின் கையிலா? மாற்றப்பட்ட குரல் என்று எதிர்முனைக்குத் தெரியுமா? அணைத்து வைத்தால் அது அப்ரைசலில் குறையாக வருமா?

நிறுவனங்களுக்கும் ஒரு கேள்வி இருக்கிறது. இரைச்சலான தளத்தில் ஆயிரம் பேரை நெருக்கி உட்கார வைத்துவிட்டு, மலிவான ஹெட்செட்டைக் கொடுத்துவிட்டு, புரியாத பேச்சுக்கு ஊழியரின் ஊரைக் காரணம் சொல்வது நியாயமா? தளத்தை அமைதியாக்கவும் நல்ல மைக் வாங்கவும் செலவாகும். நாக்கைக் குறை சொல்லச் செலவே இல்லை. அடுத்த முறை 'கம்யூனிகேஷனில் இம்ப்ரூவ் பண்ணணும்' என்று யாராவது சொன்னால், எந்த வார்த்தை, எந்தக் காலில், எந்த இணைப்பில் புரியவில்லை என்று கேளுங்கள். பதில் இருந்தால் திருத்திக்கொள்ளலாம். இல்லையென்றால், பிரச்னை உங்கள் பேச்சில் இருக்கிறது என்று இன்னும் நிரூபணமாகவில்லை.